பி-காம்ப்ளெக்ஸ் கேப்சூல்: எங்கள் வீட்டில் ஒரு வருஷம்

மெடிக்கல் கடையில் போய் "அண்ணே, உடம்பு அசதியா இருக்கு, சத்து மாத்திரை ஏதாவது குடுங்க" என்று கேட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கை நீட்டி எடுக்கும் அட்டை இதுதான். சீட்டு கேட்க மாட்டார்கள். கம்பெனி பெயர் இங்கே எழுதவில்லை, ஏனென்றால் ஒரு வருஷத்தில் மூன்று கம்பெனி அட்டை எங்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கிறது, பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே கணக்குதான் இருந்தது. அதனால் இதை பி-காம்ப்ளெக்ஸ் என்ற பொருளுக்கான விமர்சனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலிவான, நல்ல பொருள். எதற்கு இருக்கிறதோ அதற்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கால் மரத்துப்போகிறது, நடக்கும்போது தள்ளாடுகிறது என்று சொல்பவர்களுக்கு இதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் அதைத்தான் செய்தோம், ஒரு வருஷம் போய்விட்டது. அந்த ஒரு வருஷத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அட்டையின் பின்பக்கம். இப்போது என் கையில் இருக்கும் அட்டையில் தயமின் 10 மில்லிகிராம், ரைபோஃப்ளேவின் 10, நியாசினமைடு 100, பைரிடாக்சின் 3, கால்சியம் பான்டோதெனேட் 50, ஃபோலிக் அமிலம் 1.5 மில்லிகிராம், பயோட்டின் 100 மைக்ரோகிராம், பி12 15 மைக்ரோகிராம், வைட்டமின் சி 150 மில்லிகிராம் என்று இருக்கிறது. தண்ணீரில் கரையும் வைட்டமின்கள் மொத்தமே ஒன்பதுதான், பி வகையில் எட்டும் சி ஒன்றும். ஒன்பதும் இந்த ஒரே கேப்சூலில் இருக்கிறது. அந்த எழுத்து எவ்வளவு பொடி என்றால், நான் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், சிலது மில்லிகிராமில் இருக்கும், சிலது மைக்ரோகிராமில் இருக்கும். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். அப்படியென்றால் இதில் ஃபோலிக் அமிலம் பி12ஐப் போல நூறு மடங்கு இருக்கிறது. இந்த நூறு மடங்குதான் அம்மா விஷயத்தில் எங்களை ஏமாற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சாப்பிட்ட முதல் நாளே எல்லோரும் பயப்படும் விஷயம் ஒன்று உண்டு. சிறுநீர் மஞ்சள் சாந்தைக் கரைத்து விட்ட மாதிரி பளிச்சென்று போகும். அம்மா குளியலறையிலிருந்தே "ஏன்டி, மஞ்சக்காமாலையா?" என்று கூப்பிட்டார். இல்லை, அது ரைபோஃப்ளேவின், அதாவது பி2. அதன் நிறமே மஞ்சள்தான். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை ஒன்றரை, இரண்டு மில்லிகிராம் அளவுதான், கேப்சூலில் பத்து இருக்கிறது, எடுத்தது போக மீதியைச் சிறுநீரகம் வடித்து வெளியே தள்ளிவிடுகிறது. தண்ணீரில் கரையும் வைட்டமின் உடம்பில் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல காட்சி கிடையாது. ஏ, டி மாதிரி கொழுப்பில் கரைவது ஈரலிலும் கொழுப்பிலும் போய்த் தங்கிவிடும். இவை நேராக ரத்தத்தில் கலந்து, வேண்டிய இடத்துக்குப் போய், மிச்சம் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே சிறுநீரில் இறங்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் இவற்றை வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமாகச் சாப்பிட்டுச் சேர்த்து வைக்க முடியாது, அன்றாடச் சாப்பாட்டில் வந்துகொண்டே இருக்க வேண்டும். பி12 மட்டும் இதற்கு விலக்கு. அது ஈரலில் சில மில்லிகிராம் சேர்ந்திருக்கும், அன்றாடத் தேவையோ இரண்டு மைக்ரோகிராம் சொச்சம்தான், அதனால் வரத்து நின்றாலும் வருஷக்கணக்கில் தாங்கும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் குறைகிறது என்று உடம்பு காட்டிக்கொடுக்கவும் அத்தனை வருஷம் ஆகும்.

சரி, இவை உடம்பில் என்னதான் செய்கின்றன? பெரும்பாலானவர்கள் நினைப்பது போல இவை "தெம்பு" இல்லை. சக்தி வருவது சோற்றிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் பருப்பிலிருந்தும்தான். பி வைட்டமின்கள் அந்தச் சோற்றை எரிப்பதற்குக் கூட நிற்கும் கையாட்கள். என்சைம்கள் என்று சொல்கிறோமே, அவற்றில் பல இந்தக் கையாள் பக்கத்தில் இல்லாவிட்டால் சும்மா நிற்கும். கையாள் போதுமான அளவு இருக்கும்போது இன்னும் பத்துப் பேரைக் கொண்டுவந்து நிறுத்தினால் அடுப்பு வேகமாக எரியாது. அதனால் ஒழுங்காகச் சாப்பிடுகிற, குறை எதுவும் இல்லாத ஒருவருக்கு இந்தக் கேப்சூல் புதிதாக எந்தத் தெம்பும் தராது. என் வீட்டுக்காரர் மூன்று மாதம் சாப்பிட்டார், அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதற்காகக் கேப்சூலைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

தயமின் என்கிற பி1ஐப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அது நம் சோற்றுப்பானையோடு சம்பந்தப்பட்டது. மாவுச்சத்திலிருந்து வரும் குளுக்கோஸை முழுசாக எரிக்க தயமின் வேண்டும். உடம்பில் இருக்கும் கையிருப்பே 25, 30 மில்லிகிராம்தான், வரத்து நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் வருவது பெரிபெரி. ஒரு வகையில் கை கால் நரம்புகள் செத்து மரத்துப்போகும், இன்னொரு வகையில் இதயம் தளர்ந்து கால் வீங்கும். நெல்லை மெஷினில் தீட்டி வெள்ளை வெளேரென்று ஆக்கத் தொடங்கியபோது ஆசியா முழுக்க இது பரவியது. ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மான் தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விழுந்துபோனதையும், தவிடு கலந்து கொடுத்தால் சரியானதையும் பார்த்தார். அந்த வேலைக்காக 1929ல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. நம் பக்கம் வந்தால், 1930களில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடத்தில் ஆக்ராய்ட் என்பவர் அரிசியை வைத்தே நிறைய வேலை செய்தார். பின்னாளில் ஹைதராபாத்துக்கு மாறி தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது அந்தக் கூடம்தான். அன்றைய சென்னை மாகாணத்தின் வடக்கே, ஆந்திரக் கடற்கரைப் பக்கம், தீட்டிய பச்சரிசி தின்ற ஊர்களில் பெரிபெரி இருந்தது. அதே மாகாணத்தில் தெற்கே, புழுங்கலரிசி தின்ற நம் ஊர்களில் அது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் தண்ணீரோடு கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது, அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே நிற்கிறது. நெல் அவித்த நம் பாட்டிகளுக்கு தயமின் என்ற பெயர் தெரியாது, ஆனால் தண்ணீரில் கரைகிற குணம் இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்திருக்கிறது.

அதே குணம் பாதகமாகவும் வேலை செய்யும். அரிசியை நாலு தடவை கசக்கிக் கழுவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, கஞ்சியை வடித்துச் சாக்கடையில் கொட்டினால் தயமினும் கூடப் போய்விடும். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தவர்கள் போனதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான் இப்போது அரிசியை இரண்டு தடவைதான் கழுவுகிறேன், குக்கரில் தண்ணீர் அளந்து வைக்கிறேன். தினமும் குடிப்பவர்கள் வீட்டில் இருந்தால் இந்த பி1 விஷயத்தில் ரொம்பக் கவனம் தேவை. சாராயம் தயமின் குடலில் உறிஞ்சப்படுவதையே தடுக்கிறது, அவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுவதும் இல்லை. திடீரென்று கண் நிலைகொள்ளாமல் ஆடுவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது எல்லாம் சேர்ந்து வந்தால் போதை என்று நினைத்துப் படுக்கப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த நேரத்துக்கு இந்தக் கேப்சூல் உதவாது, ரத்தக்குழாய் வழியாக ஊசியில் தயமின் ஏற்ற வேண்டும்.

என் சொந்த அனுபவத்தில் கேப்சூல் நூற்றுக்கு நூறு வாங்கியது வாய் ஓர வெடிப்புக்குத்தான். போன கோடையில் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டு மூன்று வாரம் வெறும் மோர்சாதமும் பிரெட்டும் தின்றேன். உதட்டின் இரண்டு ஓரமும் வெடித்து, கொட்டாவி விட்டால் ரத்தம் கசியும், நாக்கு வழுவழுவென்று ஆகி ஊதா கலந்த சிவப்பாக இருந்தது, ரசம் வாயில் பட்டால் எரிந்து உயிர் போகும். தினம் ஒன்று சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் எரிச்சல் அடங்கியது, பத்து நாளில் வெடிப்பு மூடியது. பி2, பி3 (நியாசின்), பி6 (பைரிடாக்சின்) இவற்றில் எது குறைந்தாலும் முதலில் வாயும் நாக்கும்தான் காட்டும், ஏனென்றால் அங்கே தோல் வேகவேகமாகப் புதுப்பிக்கப்படுகிறது. ஆனால் எல்லா வாய்ப்புண்ணும் வைட்டமின் குறை இல்லை. உதட்டுக்கு உள்ளே வெள்ளையாகக் குழி விழுந்து தானாக வந்து தானாகப் போகும் புண் வேறு, அதற்கு இது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. புகையிலை போடுபவர்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் இந்த அட்டையை வாங்கி நாள் கடத்தவே கூடாது, டாக்டரிடம் காட்டுங்கள்.

நியாசின் பற்றிச் சுருக்கமாக. இது குறைந்தால் பெல்லாக்ரா. வெயில் படும் இடத்தில் தோல் கருத்து உரியும், கழுத்தைச் சுற்றி மாலை போட்ட மாதிரி தெரியும், வயிற்றுப்போக்கு வரும், கடைசியில் புத்தி பேதலிக்கும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தையே நம்பி இருந்த ஏழைகளுக்கு ஆயிரக்கணக்கில் வந்தது. நம் தக்காணத்தில் சோளம் தின்றவர்களுக்கும் வந்தது, சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் ஹைதராபாத்தில் இருந்துகொண்டு அதை ஆராய்ந்தார். இந்தக் கேப்சூலில் இருப்பது நியாசினமைடு வடிவம், அதனால் நியாசினின் இன்னொரு வடிவமான நிகோடினிக் அமிலம் சாப்பிட்டால் வருவது மாதிரி முகம் சிவந்து காந்தாது. பான்டோதெனிக் அமிலம் பெயரிலேயே "எல்லாப் பக்கத்திலிருந்தும்" என்று பொருள், எல்லாச் சாப்பாட்டிலும் கொஞ்சம் இருக்கும், தனியாகக் குறைவது மிகவும் அரிது.

இப்போது அம்மா விஷயம்.

அம்மாவுக்கு 66 வயது. பதினோரு வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இரண்டு வேளை. நாலைந்து வருஷமாகக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார், பாலும் சர்க்கரைக்குப் பயந்து அரை டம்ளராகக் குறைத்துவிட்டார். போன வருஷத்துக்கு முந்தின தை மாதம் வாக்கில் "உள்ளங்கால்ல பஞ்சு வெச்சுக் கட்டின மாதிரி இருக்குடி" என்று சொல்ல ஆரம்பித்தார். காட்டிய இடத்தில் "சர்க்கரை இருந்தா நரம்பு இப்படித்தான் இருக்கும், வயசும் ஆகுது, பி-காம்ப்ளெக்ஸ் போடுங்க" என்றார்கள். நாங்களும் போட்டோம். ஒரு நாள்கூட விடவில்லை, காலண்டரில் டிக் அடித்துச் சாப்பிட்டார்.

நடுவில் ஒரு தடவை ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 12க்கு மேல். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டோம். ஆனால் கால் மோசமாகிக்கொண்டே போனது. ஒரு நாள் மாலை கோயிலிலிருந்து திரும்பி வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தார். இடது காலில் செருப்பே இல்லை. எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. தெருமுனை வரை போய்த் தேடினேன், பால் பூத் பக்கத்தில் கிடந்தது. நூறு அடி தூரம் வெறுங்காலோடு தார்ரோட்டில் நடந்து வந்திருக்கிறார், கால் அதைச் சொல்லவில்லை. அப்புறம் அவரே இன்னொன்று சொன்னார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளிக்கொண்டு போகிறதாம், அதனால் கொஞ்ச நாளாக ஒரு கையால் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டுதான் கழுவுகிறாராம். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வாஷ்பேசின் கதையைக் கேட்டதும் இன்னொரு டாக்டர், வயதானவர், வேறு எதுவும் கேட்காமல் பி12 பார்க்கச் சொன்னார். 138 வந்தது, லேபின் கீழ் எல்லை 200. கண்ணைத் திறந்திருக்கும்போது பார்வை பார்த்து உடம்பை நிறுத்துகிறது, மூடினால் கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி முதுகுத்தண்டு வழியாக மேலே போக வேண்டும், பி12 இல்லாமல் அந்தப் பாதையின் மேலுறை அரித்துப்போயிருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். ஒரு வருஷமாக பி12 இருக்கும் கேப்சூலைத்தானே சாப்பிடுகிறார் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலும், நான் பிறகு தேடிப் படித்ததும் சேர்த்துத்தான் இனி எழுதுவது.

பி12 மற்ற வைட்டமின்கள் மாதிரி சுலபமாக உள்ளே போகாது. சாப்பாட்டில் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், வயிற்று அமிலம்தான் பிரித்துக் கொடுக்க வேண்டும். கேஸ் மாத்திரை அந்த அமிலத்தைக் குறைக்கிறது. அப்புறம் வயிற்றுச் சுவர் சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். மெட்ஃபார்மின் அந்த ஒப்படைக்கிற இடத்தில் தொந்தரவு செய்கிறது. இது ஏதோ அபூர்வமான விஷயம் இல்லை, பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2022ல் மெட்ஃபார்மினால் பி12 குறைவது பரவலான பக்கவிளைவு, அறிகுறி இருந்தால் ரத்தம் பாருங்கள் என்று அறிவுறுத்தியிருக்கிறது. அதற்காக யாரும் மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது நல்ல மருந்து, அம்மா இன்றும் சாப்பிடுகிறார்.

எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் குடலிலேயே ஒரு வேளைக்கு ஒன்றரை முதல் இரண்டு மைக்ரோகிராம்தான் இந்த வழியில் உள்ளே போகும், கதவு அவ்வளவுதான். அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் சுமார் நூற்றில் ஒரு பங்கு மட்டும் சும்மா கசிந்து உள்ளே போகிறது. அப்படியென்றால் கதவு கெட்டுப்போன ஒருவருக்கு 15 மைக்ரோகிராம் கேப்சூலில் கிடைப்பது 0.15. தேவை இரண்டுக்கு மேல். காலி டேங்கில் ஸ்பூனால் தண்ணீர் ஊற்றிய கதை. இதுவே 1500 மைக்ரோகிராம் தனி பி12 மாத்திரை என்றால் கசிந்து போவதே 15 வரும், கதவு இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஒரே வைட்டமின், இரண்டு அட்டை, நூறு மடங்கு வித்தியாசம். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருக்கிறது.

ஹீமோகுளோபின் எப்படி நன்றாக இருந்தது? அதுதான் அந்த நூறு மடங்கு ஃபோலிக் அமிலம். ரத்த அணு உருவாக ஃபோலேட் (ஃபோலிக் அமிலம் இதன் ஒரு வடிவம்தான்) வேண்டும், அந்த ஃபோலேட்டைச் சுற்றுக்கு விடுவது பி12. பி12 இல்லாவிட்டால் ஃபோலேட் ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும், ரத்தம் குறையும், அணுக்கள் பெருத்துப்போகும், டாக்டர் அதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் வெளியிலிருந்து ஃபோலிக் அமிலம் தாராளமாக வந்தால் அது சுற்று வழியில் போய் ரத்த வேலையை முடித்துக்கொடுத்துவிடும். நரம்பின் மேலுறைக்கு அந்தச் சுற்று வழி கிடையாது, அதற்கு பி12தான் வேண்டும். ஆக ரத்த ரிப்போர்ட் அழகாக இருக்கும், நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே போகும். இந்தப் பொருளின் மிகப் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான். ஃபோலிக் அமிலத்தை இவ்வளவு வைத்துவிட்டு பி12ஐ இத்துனூண்டு வைத்திருக்கிறார்கள், அட்டையில் அதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கை இல்லை.

டாக்டர் ஊசி போடச் சொன்னார். முதல் ஊசிக்கு நான்தான் கூடப் போனேன். பழுப்புக் கண்ணாடிக் குப்பியை உடைத்து நர்ஸ் சிரிஞ்சில் இழுத்தபோது மருந்து மாதுளை ஜூஸ் மாதிரி சிவப்பாக ஏறியது. "இரும்புச் சத்தா?" என்று அம்மா கேட்டார். இரும்பு இல்லை, கோபால்ட். பி12 மூலக்கூறின் நடுவில் ஒரே ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது, சிவப்பு அதனால்தான், வைட்டமின்களிலேயே உலோகம் இருப்பது இது ஒன்றுதான். டாரதி ஹாட்ஜ்கின் என்ற பெண் விஞ்ஞானி எக்ஸ்ரே கதிரை வைத்து இதன் வடிவத்தை 1950களில் கண்டுபிடித்தார், 1964ல் நோபல் பரிசு வாங்கினார். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால்தான் பழுப்புக் குப்பி.

முதலில் ஒன்று விட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. அம்மாவுக்கு இருந்த நாக்கு எரிச்சல் இரண்டே வாரத்தில் போனது. கால் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. இரண்டு மாதம் எதுவுமே மாறவில்லை என்று அம்மா மனம் விட்டுப்போனார், மூன்றாம் மாதம் வாஷ்பேசினைப் பிடிக்காமல் முகம் கழுவினார். எட்டு மாதம் ஆகிறது, கட்டை விரல் இரண்டும் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அது வராமலே போகலாம், தாமதமாகிவிட்டது என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

இதைச் சொன்னால் நிறையப் பேர் "பழைய சோறு சாப்பிடுங்க, அதுல எல்லா பி வைட்டமினும் இருக்கு" என்கிறார்கள். பழைய சோறு எனக்கும் பிடிக்கும், நல்ல சாப்பாடு, ஆனால் பி12க்கு அதை நம்பி உட்காராதீர்கள். பி12ஐச் செடிகொடிகள் உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன, அது மீன், முட்டை, கறி, பால் வழியாகத்தான் நமக்கு வருகிறது. நம் பெருங்குடலிலும் அப்படிப்பட்ட நுண்ணுயிர்கள் இருக்கின்றன, ஆனால் உறிஞ்சும் இடம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே பி12 உண்டாக்கும் நுண்ணுயிர்கள் இருப்பதைக் கண்டுபிடித்து 1980ல் வெளியிட்டார்கள், படிக்கும்போது பெருமையாக இருந்தது. அம்மாவின் 138ஐப் பார்த்த பிறகு அதை மட்டும் நம்பிச் சைவமாக இருக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஃபோலிக் அமிலத்தைத் திட்டிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்களுக்கு அது உயிர் மாதிரி. குழந்தையின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும், பல பெண்களுக்கு அப்போது நாள் தள்ளிப்போனதே தெரிந்திருக்காது. அதனால்தான் தினம் 400 மைக்ரோகிராமைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே எடுக்கச் சொல்கிறார்கள். இந்த ஃபோலேட் கதையே நம் நாட்டில்தான் தொடங்கியது. 1920களின் கடைசியில் லூசி வில்ஸ் என்ற மருத்துவர் பம்பாய் மில் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரும் ரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்ட் சாற்றால் அது தீர்வதைக் கண்டார். பிறகு அமெரிக்காவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அட்டையில் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது.

"தண்ணீரில் கரைவதுதானே, அதிகமானால் வெளியே போய்விடும், ஒன்றும் ஆகாது" என்று கடைக்காரரே சொல்வார். முழு உண்மை இல்லை. பி6 டிபி நோயாளிகளுக்கு அவசியம், ஐசோனியாசிட் மாத்திரை பி6ஐக் குறைத்து நரம்பைக் கெடுக்கும் என்பதால் கூடவே கொடுக்கிறார்கள். அதே பி6ஐ நூற்றுக்கணக்கான மில்லிகிராமாக மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும், மரத்துப்போக வைக்கும். இந்தக் கேப்சூலில் 3 மில்லிகிராம்தான், பயமில்லை. ஆனால் சில "நரம்பு மாத்திரை"களில் ஒன்றில் 100 வரை இருக்கும், இரண்டு மூன்று மருந்தில் ஒரே சமயம் சேரவும் சேரும். எல்லா அட்டையையும் திருப்பிக் கூட்டிப் பாருங்கள்.

பயோட்டினும் அப்படித்தான். இதில் 100 மைக்ரோகிராம், சாதாரணம். என் நாத்தனார் முடி கொட்டுகிறது என்று 10,000 மைக்ரோகிராம் மாத்திரை தனியாக எடுத்துக்கொண்டிருந்தார், தைராய்டு டெஸ்டில் தாறுமாறாக வந்து வீடே பயந்துபோனது. சில லேப் பரிசோதனைகள் பயோட்டினை வைத்தே வேலை செய்கின்றன, ரத்தத்தில் அது மிதந்தால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். குறைவாகவும் தைராய்டு ஹார்மோன் கூடுதலாகவும் பொய்யாகக் காட்டும். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் டெஸ்டையும் இது குழப்பலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2017லேயே எச்சரித்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது.

வைட்டமின் சிக்காக மட்டும் இதை வாங்காதீர்கள். ஒரு நடுத்தரக் கொய்யாப்பழம் இந்த 150 மில்லிகிராமைத் தாண்டிவிடும், இரும்புச் சத்தையும் உடம்பில் சேர்க்க உதவும், விலையும் குறைவு. வெட்டி வைக்காமல் அப்படியே கடித்துத் தின்றால் போதும்.

வாங்குபவர்களுக்கு: காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. வெறும் வயிற்றில் போட்டால் எனக்குக் குமட்டியது, ஏப்பத்தில் அந்த ஈஸ்ட் மாதிரி வாடை ரொம்ப நேரம் வந்தது. சமையலறை அலமாரியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், மழைக்காலத்தில் ஒரு அட்டையில் நாலு கேப்சூல் ஒன்றோடு ஒன்று ஒட்டி, கருத்துப்போய்த் தூக்கிப் போட்டேன். கம்பெனி பெயருக்காக அதிகம் கொடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை, ஜெனரிக் கடை அட்டையிலும் வாய் ஓர வெடிப்பு அதே பத்து நாளில்தான் ஆறியது.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பல நாள் ஆன்டிபயாட்டிக், சாப்பிட முடியாத நாட்கள், வாய் வெடிப்பு, இவற்றுக்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம். "தெம்புக்கு" என்றால் இரண்டு. கால் மரத்துப்போவதற்கு, அதுவும் மெட்ஃபார்மினோ கேஸ் மாத்திரையோ வருஷக்கணக்கில் எடுப்பவர்களுக்கு, முட்டைகூட எடுக்காத சைவர்களுக்கு, வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு, முதலில் பி12 ரத்தப் பரிசோதனை, அப்புறம்தான் எந்த அட்டையும். ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் கேப்சூலை ஆரம்பித்துவிட்டால் ரிப்போர்ட்டைப் படிப்பதே சிரமமாகிவிடும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே ஒன்று கேளுங்கள், முகம் கழுவும்போது கண்ணை மூடினால் தள்ளுகிறதா என்று. எங்களிடம் யாரும் கேட்கவில்லை, நாங்களும் அம்மாவிடம் கேட்கவில்லை.

அம்மாவுக்கு அடுத்த பி12 டெஸ்ட் பங்குனி மாதம். செருப்பு இப்போது பின்பக்கம் வார் வைத்தது வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.